சிலமலை 'சிலமைல' ஆன கதை

எங்கள் ஊர்ப் பெயரை யாரும் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சி, ல, ம, லை. நாலே எழுத்து. போடியிலிருந்து தேவாரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் அரைத் தூக்கத்தில் கூவினாலும் சரியாகத்தான் கூவுவார். ஆனால் போன தை மாதம் என் கம்ப்யூட்டர் அதைச் 'சிலமைல' என்று எழுதிக் காட்டியது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. 36 கோப்புகளிலும் அப்படியே.

லீவுக்கு வந்திருந்த பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "தாத்தா, உங்க ஊருக்குப் புதுப் பேரு வச்சாச்சு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் என் கையாலேயே நடந்த ஒரு காரியம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கோப்பு 36 என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முந்தைய வாரம் வரை அவை 37.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால், கம்ப்யூட்டரில் தமிழ் எழுதப்பட்ட வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் பழைய சிடியோ, யாரோ அடித்துக் கொடுத்த குடும்ப வரலாறோ, கோயில் வரவு செலவோ இருக்கும். அவர்களுக்கும் இது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கோப்புகள் எவை என்று சொல்லிவிடுகிறேன். 1999 முதல் 2003 வரை, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தபோது, சாயங்காலங்களில் ஒரு நோட்டும் பேனாவுமாகக் கிளம்பிவிடுவேன். சிலமலை, இராசிங்காபுரம், போடி என்று சுற்று வட்டாரத்தில் மலை வேலைக்குப் போய்த் திரும்பிய பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவேன். ஏலத் தோட்டத்துக்கு எந்தப் பாதையில் ஏறினார்கள், கங்காணி எப்படி ஆள் பிடித்தார், குளிர்காய்ச்சலுக்கு என்ன தின்றார்கள், காய் உலர்த்துகிற ஸ்டோரில் ராத்திரி யார் கண் விழித்தார்கள், இப்படி. எழுதியதைப் போடியில் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வாங்கினேன். பிளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும் என்பதால் அங்கே அடித்த பெண் வெறும் டெக்ஸ்ட் கோப்பாகவே சேமித்துத் தந்தார். 2003ல் எல்லாவற்றையும் ஒரு சிடியில் ஏற்றினேன். நோட்டுகள் பரணில் இருந்தன. கரையான் அவற்றைப் பார்த்துக்கொண்டது. பேசிய பெரியவர்களில் இன்று ஒருவரும் இல்லை.

ஆக, மிச்சம் அந்த 37 கோப்புகள்தான்.

சிடியிலிருந்து அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் கலந்து ஒரே குழப்பம். ஒரு கோப்பில் அடிக்கடி வந்த ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்: சின்ன என், சின்ன எஃப், சின்ன எச், சின்ன எல், அரைப்புள்ளி, மறுபடி சின்ன எல், பெரிய எஃப், சின்ன பி. டைப்ரைட்டிங் படித்த அன்பர்கள் விரலை மேசையில் வைத்து இதை அடித்துப் பாருங்கள். கொட்டகுடி!

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். கோப்பு என்பது எண்களின் வரிசை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. அமெரிக்காவில் 1963ல் வெளிவந்த ஆஸ்கி என்ற ஏற்பாட்டில் மொத்தம் 128 இடங்கள். பெரிய ஏ 65, சின்ன ஏ 97 என்று ஆங்கிலம் அதில் அடங்கிவிட்டது. பிறகு இடங்கள் 256 ஆயின. மேலே கிடைத்த 128ல் ஐரோப்பியர்கள் தங்கள் கொம்பு வைத்த, கோடு போட்ட எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள். நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. நமக்கென்று இடம் யாரும் ஒதுக்கவில்லை.

அதனால் நம்மவர்கள் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார்கள். கோப்பில் ஆங்கில எழுத்தின் எண்ணே இருக்கட்டும். திரையில் காட்டும்போது அந்த எண்ணுக்குத் தமிழ் உருவத்தை வரைந்துவிடுவோம் என்றார்கள். அந்த உருவங்களின் தொகுப்புதான் எழுத்துரு. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பெரிதும் பரவிய பாமினி அப்படிப்பட்டது. அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் இருப்பது ஜே, கே, பி, ஓ என நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் ஜேகேபிஓ. என் கோப்புகளும் அந்த வகைதான்.

ஏன் ஜே என்றால் த? அங்கேதான் பழைய டைப்ரைட்டர் வருகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று போற்றப்படுபவர். அந்தப் பொறிகளின் வழி வந்த விசை வரிசை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வழியாக நம் ஊர்ப் பிள்ளைகளின் விரலில் ஏறியிருந்தது. எழுத்துரு செய்தவர்கள் அந்த விரல்களை மதித்தார்கள். விரல் பழகிய இடத்திலேயே எழுத்தை வைத்தார்கள். அதனால்தான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த பெண் மறுநாளே கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க முடிந்தது. அந்த வசதிக்கு நாம் கொடுத்த விலை பின்னால் தெரிந்தது.

1980களிலேயே கனடாவில் கு. சீனிவாசன் 'ஆதமி' என்ற தமிழ் எழுதும் மென்பொருள் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகவே கொடுத்தார். எல்லோருமே தமிழ் மேல் கொண்ட பிரியத்தால் செய்தவர்கள். ஆனால் ஒவ்வொருவர் ஏற்பாடும் ஒவ்வொரு விதம். ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'ழு' வைத்திருப்பார். இணையம் வந்த பிறகு ஒவ்வொரு பத்திரிகையின் தளத்தைப் படிக்கவும் தனித்தனியாக எழுத்துரு இறக்க வேண்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

நம் போடி ரயிலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். மதுரை - போடி பாதை மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். இரண்டிலும் ஓடுவது ரயில்தான், போகிற ஊரும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெட்டி இந்தத் தண்டவாளத்தில் நிற்காது. தமிழ்க் கோப்புகள் அப்படி இருபது முப்பது கேஜில் ஓடிக்கொண்டிருந்தன.

இதை ஒழுங்கு செய்யத்தான் 1997ல் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' என்ற மாநாடு கூடியது. அங்கே தமிழ் இணையத்துக்குப் பாடுபட்ட நா. கோவிந்தசாமியை இன்று பலருக்குத் தெரியாது, 1999ல் காலமாகிவிட்டார். 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு. அதிலிருந்துதான் 'தமிழ் 99' விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களும் வந்தன. தமிழக அரசும் அவற்றை ஏற்றது. இன்னொரு பக்கம் உலகத் தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசி 'டிஸ்கி' என்ற குறியேற்றத்தை உருவாக்கியிருந்தார்கள். கீழே 128 இடம் ஆங்கிலத்துக்கு, மேலே 128 இடம் தமிழுக்கு. 2000ல் 'உத்தமம்' என்கிற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது.

இதற்கு இடையில் யூனிகோடு என்கிற ஒருங்குறி வந்துவிட்டது. 1991ல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதிவேடு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பட்டா எண். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடம். 'அ' 2949, 'க' 2965. டோக்கியோவில் திறந்தாலும் தேவாரத்தில் திறந்தாலும் 2965 என்றால் 'க' மட்டும்தான். 247க்கும் தனித்தனி இடம் தரவில்லையே என்று தமிழறிஞர்கள் பலர் வாதிட்டார்கள்; அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 2000ல் 'லதா' எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் வந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், தமிழக அரசு யூனிகோடையும், எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் 'டேஸ் 16' முறையையும் ஏற்று ஆணை வெளியிட்டது.

என் 37 கோப்புகள் இதில் எங்கே நிற்கின்றன? 1999ல் சென்னையில் பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த அதே வருஷம், போடியில் அந்தப் பெண் பழைய கேஜில் அடிக்கத் தொடங்கினார். அவர் மேல் குற்றமில்லை. அன்றைக்கு ஊரெல்லாம் ஓடியது அந்த ரயில்தான்.

சரி, இனி அவற்றை அகலப் பாதைக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, நகல் எடுத்து, மாற்றி, சேமித்து என்று கையால் செய்தால் கண் போய்விடும். பேத்திதான் வழி சொன்னாள். "தாத்தா, ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்க. நீங்க செய்யிற வேலையை அதுவே வரிசையாச் செஞ்சிடும்." கம்ப்யூட்டரில் நாம் மவுஸால் அழுத்துவதையும் விசையால் அடிப்பதையும் நமக்குப் பதிலாகச் செய்கிற சிறு ஆணைத்தொகுப்பு அது. இந்த வேலைக்கென்றே ஆட்டோஇட் 1999ல் வந்தது, ஆட்டோஹாட்கீ 2003ல் வந்தது, இரண்டும் இலவசம். அதிகபட்சம் நாற்பது வரி. 31 வருஷம் பேரேடு எழுதியவனுக்கு நாற்பது வரி பெரிதா என்று இறங்கினேன்.

முதல் நாள்: 'கோப்பு இல்லை' என்றது. கண்ணுக்கு எதிரே இருக்கிற கோப்பை இல்லை என்கிறது! இரண்டு மணி நேரம் போராடினேன். காரணம் சின்னது. கோப்புப் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒரு வால் உண்டு. விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்துவிடும். வால் தெரியவில்லையே என்று நான் இன்னொரு வால் ஒட்டியிருந்தேன். இன்னொன்று: கோப்பின் பெயரை மட்டும் சொன்னால் ஸ்கிரிப்ட் தான் நிற்கிற ஃபோல்டரில் மட்டும்தான் தேடும். தபால்காரருக்குப் 'பெரிய வீடு' என்று விலாசம் எழுதினால் போதுமா? மாவட்டம், ஊர், தெரு எல்லாம் வேண்டும். முழுப் பாதையும் எழுதியதும் கிடைத்துவிட்டது.

இரண்டாம் நாள்தான் அது நடந்தது.

ஒரு கோப்பைத் திறக்கும்போது, எதற்காகத் திறக்கிறாய் என்று ஸ்கிரிப்டில் சொல்ல வேண்டும். படிக்கவா, கடைசியில் சேர்த்து எழுதவா, புதிதாக எழுதவா. புதிதாக எழுத என்று சொன்னால், பெரும்பாலான நிரல்மொழிகளில், திறந்த அந்தக் கணமே உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். நாம் ஒரு எழுத்தும் எழுதியிருக்க வேண்டியதில்லை, திறந்தாலே போதும். நான் படிக்கிற கோப்புக்கும் எழுதுகிற கோப்புக்கும் ஒரே பெயர் கொடுத்திருந்தேன். எழுதுவதற்கான வரியைப் படிப்பதற்கான வரிக்கு மேலே வைத்திருந்தேன். ஸ்கிரிப்ட் சொன்னபடி செய்தது. கோப்பைத் திறந்தது, காலி செய்தது, காலியைப் படித்தது, காலியை எழுதியது. அளவு: 0 பைட்.

சோதனைக்கு ஒரு கோப்பு போதும் என்று பட்டியலில் மேலே இருந்த ஒன்றை எடுத்திருந்தேன். அது கொட்டகுடிப் பெரியவர் பேசியது.

அந்த விவரம் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் மூணாறு தேயிலை, மலை மேல் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிக்கு. மேலே இருந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது. மேலே போகிற சுற்றுலாப் பயணிகள் எந்த ஸ்டேஷன் என்று கேட்பதில்லை. அந்தக் கம்பிவடத்தில் பெட்டி மாட்டுகிற வேலை பார்த்தவரின் மகன் அந்தப் பெரியவர். அப்பா சொல்லக் கேட்டதை எனக்கு இரண்டு சாயங்காலம் சொன்னார். அவர் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதியது என்ன என்பதுதான் முழுசாக நினைவில்லை.

சிடியில் இருக்குமே என்று ஓடினேன். முதல் தடவை ஏற்றும்போதே கரகரவென்று சத்தம் போட்ட சிடி அது. இந்தத் தடவை படிக்கவே மறுத்துவிட்டது. இருபது வருஷம் ஆன சிடி, மேலே கீறல் வேறு. போடியில் ஒரு பையனிடம் கொடுத்துப் பார்த்தேன். அவனும் கையை விரித்துவிட்டான். பேத்தி அன்று சிரிக்கவில்லை. "வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வச்சீங்களா தாத்தா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை. சங்கத்தில் ஒவ்வொரு ரசீதுக்கும் கார்பன் நகல் வைத்தவன், வீட்டில் வைக்கவில்லை.

அன்று ராத்திரியே மற்ற 36ஐயும் மூன்று பென்டிரைவில் நகல் எடுத்தேன். அதற்குப் பிறகு வந்த தொல்லைகள் எதுவும் என்னைப் பயமுறுத்தவில்லை.

மூன்றாம் நாள்: மாற்றிய கோப்பைத் திறந்தால் முழுக்கக் கேள்விக்குறி. வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம். இது ஏனென்றால், ஸ்கிரிப்ட் ஒருங்குறித் தமிழைப் பழைய 256 இடக் கோப்பில் எழுதப் பார்த்தது. 2965 என்ற எண்ணை அங்கே எங்கே வைப்பது? இடமில்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. எழுதும்போது 'யூடிஎஃப்-8' முறையில் எழுது என்று ஒரு வார்த்தை சேர்த்ததும் சரியாயிற்று. யூடிஎஃப்-8 என்பது ஒருங்குறி எண்களைக் கோப்பில் அடுக்கும் ஒரு முறை. 1992ல் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வகுத்தது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று பைட்.

இங்கே ஒரு வேறுபாட்டை அன்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சில மின்னஞ்சல்களில் மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பயப்பட வேண்டாம். அது யூடிஎஃப்-8 தமிழ்தான். பழைய ஐரோப்பிய ஏற்பாட்டின்படி அதைப் படித்ததால் அப்படித் தெரிகிறது. எண்கள் பத்திரமாக இருக்கின்றன. சரியான ஏற்பாட்டில் திறந்தால் தமிழ் வந்துவிடும். ஜேகேபிஓவும் அப்படியே. அவை மாறுவேடம். கேள்விக்குறி மாறுவேடம் அல்ல, சாம்பல். அதன் அடியில் பழைய எண் எதுவும் இல்லை. கேள்விக்குறியைப் பார்த்தால் அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு மூலத்துக்குத் திரும்புங்கள்.

நான்காம் நாள் வந்ததுதான் 'சிலமைல'. பழைய எழுத்துருவில் நாம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடித்தோம். 'லை' என்பதில் சங்கிலிக் கொம்பு முன்னால் நிற்கிறது. அதை முதலில் அடித்து, பிறகு 'ல' அடித்தோம். டைப்ரைட்டர் பழக்கம். ஒருங்குறியோ வாய் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் 'ல', அப்புறம்தான் ஐகாரக் குறி. நான் எழுத்துக்கு எழுத்து அப்படியே மாற்றியதால், கொம்பு தனக்கு முன்னால் நின்ற 'ம'வைப் பிடித்துக்கொண்டது. சிலமலை, சிலமைல. அதனால் கொம்பு வருகிற எழுத்துகளை எல்லாம் கொம்போடு சேர்த்தே ஒரு சொல் போலப் பிடித்து முதலில் மாற்ற வேண்டும். 'கொ', 'கோ' மாதிரி இரண்டு பக்கமும் குறி உள்ளவை முதலில். பிறகு 'கெ', 'கே', 'கை'. தனி எழுத்து கடைசியில்.

இதையும் முடித்தால் கொட்டகுடி 'கொட்டகடி' என்று வந்தது. சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு' என்று மேலே சொன்னேன் அல்லவா? ஸ்கிரிப்டின் மாற்றும் ஆணை, தனியாகச் சொல்லாவிட்டால், பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். ஆங்கிலத்துக்கு அது உதவி. நமக்குக் 'கு' எல்லாம் 'க' ஆகிவிடும். ஒரு சொல் சேர்த்து அதையும் சரி செய்தேன். கடைசியில் ஒரு கோப்பில் பாதிப் பக்கம் காணோம் என்று தேடினால், எழுதி முடித்த கோப்பை மூட ஆணை கொடுக்கவில்லை. எழுதியது கொஞ்ச நேரம் நினைவகத்தில் நிற்கும். மூடினால்தான் முழுசாகத் தட்டில் இறங்கும். சாயங்காலம் கணக்கு முடிக்காமல் பேரேட்டைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போகிற எழுத்தரை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

ஒன்பதாம் நாள் 36 கோப்புகளும் தமிழாக நின்றன.

யோசித்துப் பார்த்தால் இது புதுத் தொல்லை அல்ல. ஓலைச் சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள்; வைத்தால் ஓலை கிழியும். எகரமா ஏகாரமா, துணைக்காலா ரகரமா என்று படிப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எகர ஏகார வேறுபாட்டை இன்று நாம் எழுதும் வகையில் நிலைக்கச் செய்தவர் வீரமாமுனிவர். 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் பிரதி தேடியது எதற்கு? ஒரு பிரதியில் செல்லரித்த இடம் இன்னொன்றில் இருக்குமே என்றுதான். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, லை எல்லாம் உருவம் மாறியபோதும் பழைய புத்தகங்களை நாம் படித்துக்கொண்டுதான் இருந்தோம். ஏனென்றால் பழைய உருவமும் புதிய உருவமும் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். எழுத்து மாறுவதால் எதுவும் அழிவதில்லை. பழைய ஏற்பாடு தெரிந்தவரும், இரண்டாவது பிரதியும் இல்லாமல் போவதால்தான் அழிகிறது. எனக்கு ஏற்பாடு தெரிந்திருந்தது. பிரதி இல்லை.

37வது கோப்புக்கு என்ன செய்தேன்? நினைவில் இருந்ததை எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. பழையது ஆறு பக்கம் இருக்கும். பிறகு குரங்கணி பஸ் ஏறிக் கொட்டகுடிக்குப் போனேன். அந்தப் பெரியவரின் மருமகள் இருக்கிறார்கள், அவர்களுக்கே எழுபது வயதாகப் போகிறது. "மாமா அடிக்கடி சொல்லுவாகளே" என்று ஆரம்பித்து மூன்று சங்கதி சொன்னார்கள். அதில் ஒன்று என் நினைவில் இல்லாதது: பனி இறங்குகிற நேரத்தில் பெட்டி வருவது கண்ணுக்குத் தெரியாதாம், கம்பி போடுகிற சத்தத்தை வைத்தே கீழே இருக்கிறவர்கள் தயாராவார்களாம். அதையும் சேர்த்து எழுதினேன். கோப்பின் முதல் வரியில், இது 2001ல் எழுதியது அல்ல, அது அழிந்துபோனது, இது என் நினைவிலிருந்தும் அவர் மருமகள் சொன்னதிலிருந்தும் எழுதியது என்று குறித்துவிட்டேன். படிப்பவர் ஏமாறக் கூடாது அல்லவா?

மற்ற ஒவ்வொரு கோப்பின் தலையிலும், யார் பேசியது, எந்த வருஷம், முதலில் எந்த எழுத்துருவில் அடித்தது, எப்போது மாற்றியது என்று நாலு வரி எழுதியிருக்கிறேன். இன்னும் முப்பது வருஷம் கழித்து யூனிகோடும் பழைய கேஜ் ஆகிவிடலாம். அன்றைக்கு ஒரு பேரனோ பேத்தியோ திறக்கும்போது அந்த நாலு வரி இருந்தால் போதும். பழைய மூலத்தையும் அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஒரு செட் மகள் வீட்டில், ஒரு செட் மருமகன் கம்ப்யூட்டரில்.

போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31ல் நின்றது. அகலப் பாதையில் ரயில் திரும்ப வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம், ஆனால் வந்துவிட்டது. ரயில் காத்திருக்கும். சிடி காத்திருக்காது. உங்கள் பீரோவில் அப்படி ஏதாவது இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். திறப்பதற்கு முன்னால், தயவுசெய்து, முதலில் ஒரு நகல்.